மீஞ்சூர் போகும் ஃபியட்

"இன்னும் இருபத்தாறு மணி நேரம்தாம்மா கீது. இது மறுபடியும் நின்னுடுச்சு!"

ஜெபா இறங்கி பானெட்டைத் தூக்கினாள். காக்களூர் தொழிற்பேட்டையைத் தாண்டி, சாலையோரம் அந்த நீல ஃபியட் அசையாமல் நின்றது.

கும்மிடிப்பூண்டி உருக்காலைக்கு உடைசலோடு உடைசலாகப் போகவிருந்த கார் அது. அம்மாவும் மகளும் ஒன்றரை வருஷமாக, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு உட்கார்ந்து அதற்கு உயிர் கொடுத்திருந்தார்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பத்தொன்பது வயது ஜெபாவுக்கு இன்ஜின். துரு சுரண்டியது, பெயின்ட் அடித்தது, சீட் தைத்தது எல்லாம் அம்மா கிறிஸ்டினா.

நாளைக் காலை பத்து மணிக்கு மீஞ்சூர் சர்ச்சில் கல்யாணம். ஐம்பது கிலோமீட்டர். இந்தக் காரில்தான் போவோம் என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. போன வாரம் எஃப்.சி. வாங்கப் போனபோது நன்றாகத்தான் ஓடியது. மூன்று நாளாகத்தான் பத்து கிலோமீட்டருக்கு ஒரு தரம் நிற்கிறது.

கிறிஸ்டினா பின்பக்கம் போய்ப் பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தாள். "பெட்ரோல் நெறைய கீதுடி." மறுபடி இறுக்கி மூடினாள்.

ஒரு வெள்ளைக் கார் அருகில் வந்து நின்றது. கிறிஸ்டினாவின் அண்ணன் எபினேசர். டிராவல்ஸ் வைத்திருப்பவர். உறவில் யார் கல்யாணம் என்றாலும் அவர் வண்டிதான் போகும். இந்தக் கல்யாணத்துக்கு மட்டும் முடியாது என்றுவிட்டார்.

"இன்னா, படுத்துக்கினாளா உங்க மகாராணி?"

"ரெஸ்ட் எடுக்குறா மாமா," என்றாள் ஜெபா.

"வாய் மட்டும் ஜாஸ்தி. நாளைக்கு ஆட்டோ சொல்லி வைங்க. இந்த வயசுல கல்யாணம் கேக்குதா? ஊரே சிரிக்குது."

"சிரிச்சிக்கினு போட்டும்ணே. நீ வந்து கையப் புடிச்சி கூட்டிக்கினு போனா போதும்," என்றாள் கிறிஸ்டினா.

ஜெபாவின் அப்பா இறந்து எட்டு வருஷம். மணப்பெண்ணைப் பீடம் வரை அழைத்துப் போக அந்தக் குடும்பத்தில் எபினேசரை விட்டால் வேறு ஆண் இல்லை.

"நானா? வருவேன், வராம இன்னா? கடைசி பெஞ்சில குந்திக்கினு, நீங்க நடந்து வர்ற அழகப் பாக்க வருவேன்."

வெள்ளைக் கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது.

கிறிஸ்டினா தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "பேசாம தேதியத் தள்ளி வெச்சிடலாமாடி? அண்ணன் மனசு மாறட்டும்."

"தேதியெல்லாம் மாறாது. நீ ஏறும்மா."

ஜெபா சாவியைத் திருப்பினாள். இத்தனை நேரம் முரண்டு பிடித்த கார் உடனே கிளம்பியது. அவள் முகம் மாறியது. இன்ஜினை அணைத்தாள்.

"இன்னிக்கு மொத தடவ நின்னப்ப நீ இன்னா பண்ண?"

"பெட்ரோல் கீதான்னு மூடியத் தொறந்து பாத்தேன்."

"நேத்து?"

"நேத்தும் அதாண்டி."

ஜெபா இறங்கி ஓடினாள். மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வட்டம் கச்சிதமாக ஒட்டியிருந்தது.

"யாரும்மா இத வெச்சது?"

"நான்தான். கல்யாணப் பொடவைல பெட்ரோல் நாத்தம் அடிக்கக் கூடாதில்ல? மூடில ஒரு ஊசி ஓட்ட இருந்துச்சு. அதையும் சேத்து அடைச்சிட்டேன். துளி காத்து போவாது பாரு!" என்றாள் கிறிஸ்டினா பெருமையாக.

பன்னிரண்டு வருஷமாக அவள் ரப்பர் கம்பெனியில் வாஷர் சோதிக்கிறாள். காற்றுக் கசிந்தால் ரிஜெக்ட்.

"ஐயோ, எம்மா! எண்ண டின்னுல ஒரே ஒரு ஓட்ட போட்டா எண்ண ஒழுங்கா வருமா? காத்து போவ இன்னொரு ஓட்ட போடுவ இல்ல? டேங்க்கும் அப்டித்தான். உள்ள காத்து போனாத்தான் இன்ஜினுக்குப் பெட்ரோல் வரும். நீ மூடியத் தொறக்குறப்ப எல்லாம் காத்து பூந்துச்சு, வண்டி கெளம்புச்சு!"

கிறிஸ்டினா வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிப்பாவி... நானே வெச்ச ஆப்பா?"

சாலையோரம் நின்று இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். ஜெபா ரப்பரைப் பிய்த்து எறிந்தாள். அன்று பூண்டி ஏரிக்கு இரண்டு தடவை போய்த் திரும்பினார்கள். கார் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

மறுநாள், பத்து மணி அடிக்கும் முன்பே நீல ஃபியட் ஹாரன் அடித்துக்கொண்டு மீஞ்சூர் சர்ச் வாசலில் நுழைந்தது. வெளியே நின்றவர்கள் விசிலடித்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்த எபினேசர் எழுந்திருக்கவில்லை.

அம்மாவும் மகளும் கைகோத்து பீடம் வரை நடந்தார்கள். மணப்பெண்ணின் முகத்தை வெள்ளை நெட் மறைத்திருந்தது. மாப்பிள்ளை ஜெயராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

போதகர் கேட்டார்: "இந்தப் பெண்ணை இந்த மனிதருக்கு விவாகம் செய்துகொடுப்பது யார்?"

சர்ச் முழுவதும் திரும்பி எபினேசரைப் பார்த்தது. அவர் தலை குனிந்துகொண்டார்.

"நான்தான் ஐயா," என்றாள் ஜெபா, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி. "எங்கம்மாவ நான்தான் கட்டிக் குடுக்குறேன்."