சும்மா உட்காரும் வேலை

என் அக்கா வினோதினி ஒரு பழைய மிக்ஸி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா,” என்றேன்.

மூடி சாக்குக்குள் விழுந்தது.

இதுதான் என் வேலை. மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. இதற்காகச் சிதம்பரத்தில் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தேன். சும்மா உட்காருவதில் எனக்கு மூன்று வருடப் பட்டப்படிப்பு அனுபவம் உண்டு.

அக்கா சோம்பேறி இல்லை. கணக்கு டீச்சர். அவளைக் கண்டால் எட்டாம் வகுப்பே நடுங்கும். ஆனால் தனியாக வீட்டை ஒழிக்க இறங்கினால் ஒரு ஸ்குரூ கிடைக்கும். ஸ்குரூவைப் பார்த்தால் ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் வரும். அதைக் கழற்ற டெஸ்டர் தேடுவாள். டெஸ்டர் அரிசி டிரம்மில் இருக்கும். சாயங்காலம் போய்ப் பார்த்தால் கூடம் முழுக்க அரிசி காய்ந்துகொண்டிருக்கும். ஸ்குரூவைக் காணோம்.

பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் மட்டும் கை நேராக ஓடும். அந்த ஆள் எதுவும் செய்யக் கூடாது. சில மூளைகள் அப்படித்தான் என்று ஒரு வாரப் பத்திரிகையில் போட்டிருந்ததாம். என்னவோ பெயர்கூடச் சொல்லியிருந்தார்களாம். அந்தப் பத்திரிகையும் இந்த வீட்டுக்குள்தான் எங்கோ இருக்கிறது.

இன்றைக்கு அவள் மாமியார் தைலம்மாள் கம்மாபுரத்திலிருந்து வருகிறார். மாதம் தவறாமல் வருவார். போன முறை அலமாரியைத் திறந்தவர், தன்மேல் சரிந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

“அடுத்த தபா இப்பிடியே இருந்திச்சின்னா நானே இங்க வந்து தங்கிப் பாத்துக்கறேன்.”

அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை.

நடுவில் ஒரே ஒரு முறை பாத்ரூம் போய் வந்தேன். அதற்குள் அக்கா தரையில் சம்மணம் போட்டு, ஒரு பழைய கேள்வித்தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“எழுந்து போவாதடான்னு சொன்னேன்ல!”

சர்க்கார் டிவி வந்த அட்டைப்பெட்டி, கல்யாண வீடுகளில் கொடுத்த பிளாஸ்டிக் கூடைகள், எந்த போனுக்கும் சேராத சார்ஜர்கள் எல்லாம் சாக்கில் ஏறி, பழைய இரும்புக்காரர் வண்டியில் போயின. தரை தெரிந்தது. அது பச்சை நிறம் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

மாமியார் வந்தார். செருப்பைக் கழற்றியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அலமாரியைத் திறந்தார். ஒன்றும் விழவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். காற்று மட்டும் இருந்தது.

அவர் முகம் ஏனோ வாடிவிட்டது.

அக்கா, போட்டியில் ஜெயித்துக் கோப்பை வாங்கிய நடையில் காபி போடப் போனாள். மாமியார் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எப்பிடி தம்பி பண்ணா இவ?”

“எல்லாம் அக்காதான் செஞ்சிது அத்தை. நான் சும்மா பக்கத்துல உக்காந்திருந்தேன்.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

அவர் அடுப்படிப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது.

“ஞாயித்துக்கெழம நம்ம வூட்டுக்கு வந்து உக்கார்றியா தம்பி? அங்க பாய் போட எடமில்லாமத்தான் நான் மாசாமாசம் இங்க ஓடியாறேன்.”