வென்ற பக்கம்

கைதட்டல் அடங்கிய பிறகும் பின்வரிசையில் ஒருவர் மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்க்காமலே மிருணாளினிக்குத் தெரிந்துவிட்டது. பத்மா அன்ரிதான்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மாலை ஷிஃப்ட். அப்பா வேலை விஷயமாக மெல்பேர்ன் போயிருந்தார். அதனால் பத்தாம் வகுப்பின் விவாத மாலைக்கு, மடியில் தம்பியை வைத்துக்கொண்டு, வீட்டின் சார்பில் பத்மா அன்ரி வந்திருந்தார். அவருக்கு இங்கிலிஷ் தெரியாது. அதற்கென்ன, பிள்ளை மூச்சுவிடாமல் பேசினாளே, கைதட்ட அது போதாதா?

அன்ரி தூரத்துச் சொந்தம். சண்டை முடிந்த அடுத்த வருடம், தம்பி பிறந்தபோது, கிளிநொச்சியிலிருந்து அம்மா அவரை வரவழைத்தார். சமையலும் தம்பியும் அன்று முதல் அவர் பொறுப்பு. இப்போது ஊரில் அவருடைய மகளுக்கு ஆவணியில் கல்யாணம். போக வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். பாஸ்போர்ட் அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. "பாப்பம்" என்கிறார் அம்மா.

மேடையில் பேசியது அமெரிக்காவைப் பற்றி. நூற்றைம்பது வருடத்துக்கு முன் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று எழுதித் தள்ளியவர்கள் ஒரு பக்கம், கூடவே கூடாது என்று எழுதியவர்கள் மறுபக்கம். வகுப்பு இரண்டாகப் பிரிந்து அந்த எழுத்தாளர்களைப் போல வாதாட வேண்டும்.

சீட்டுக் குலுக்கியதில் மிருணாளினிக்கு விழுந்தது கூடாது என்ற பக்கம்.

திறமைக்குத்தான் புள்ளி, நியாயத்துக்கு இல்லை என்று ஆசிரியை முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் தோற்பது நிச்சயம் என்று நினைத்துத்தான் மேடை ஏறினாள். ஆசிரியை தந்த பக்கங்களில் பாதியைக்கூட அவள் வாசித்திருக்கவில்லை.

வாயைத் திறந்ததும் எங்கிருந்தோ வந்து கொட்டியது. ஒரு தடுமாற்றம் இல்லை. எதிரணிப் பிள்ளைகள் குறிப்புத் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.

அந்தக் காலத்து ஆட்கள் அப்படியேதான் எழுதினார்கள், எந்த எழுத்தாளரிடமிருந்து எடுத்தாய் என்று நடுவர் வியந்து கேட்டார். மறந்துவிட்டது என்றாள். அது பொய்யில்லை. அவளுக்கே தெரியவில்லை.

வென்றாயிற்று. சந்தோஷம்தான் வரவில்லை. ஏனென்று பிடிபடவில்லை.

வாசலில் பத்மா அன்ரி அவளைக் கட்டிப்பிடித்து நெற்றியில் கொஞ்சினார்.

"என்ன பிள்ளை அப்பிடிக் கதைச்சனீங்கள்? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. தமிழில சொல்லுங்கோவன்."

இதென்ன பெரிய வேலை என்று தொடங்கினாள். தொடங்கியதுமே இடறியது. அடிமை என்ற சொல் அவளிடம் இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. சுற்றி வளைத்து, வேலைக்கென்று வீட்டில் வைத்திருக்கிற ஆட்கள் என்றாள். அவர்களை விட வேண்டும் என்பது மற்றப் பக்கம், விடக் கூடாது என்பது தன் பக்கம் என்றாள்.

அன்ரி தலையாட்டினார். ஏன் விடக் கூடாது என்பதையும் சொன்னால்தானே கதை முடியும்? சொன்னாள்.

நல்ல சாப்பாடு குடுக்கிறம். வருத்தம் வந்தால் மருந்து எடுத்துக் குடுக்கிறம். எங்கட பிள்ளையளில அதுக்கு உயிர். வெளியில விட்டால், பாவம், பாஷையும் தெரியாது, எங்க போகும்? எங்கட வீட்டு ஆள் மாதிரித்தானே வைச்சிருக்கிறம்.

இங்கிலிஷில் யாரோ வெள்ளைக்காரர் எழுதியதுபோல இருந்த வரிகள் தமிழில் அம்மாவின் குரலில் வந்தன. அம்மா குசினி அடுப்படியில் நின்று லண்டன் பெரியம்மாவுக்கு ஃபோனில் சொல்லும் அதே வரிகள், அந்தப் 'பாவம்' உட்பட.

மிருணாளினிக்கு முகம் சுட்டது. சொன்னதையெல்லாம் திருப்பி விழுங்கிவிடலாம் போலிருந்தது. அம்மா நல்லவர். அன்ரியின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறவர். அது வேறு, இது வேறு. வேறுதானா? யாரிடம் கேட்பது?

தூங்கிப்போன தம்பியைப் பத்மா அன்ரி மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். அடுத்து அவர் கேட்டது விளங்காமலா, விளங்கித்தானா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"வெண்டது நீங்கள்தானே பிள்ளை. அப்ப, அந்த ஆக்களை வீட்ட போக விடேல்லையோ?"