பிளிறல் பள்ளிக்கூடம்

மூங்கில் காட்டு யானைக்குப் பக்கத்துப் புல்வெளி முயல்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. யாரும் கேட்கவில்லை. தினமும் ஒரு கட்டுக் கரும்போடு வந்து, முயல்குட்டிகளுக்கு இலவசமாகப் பிளிறச் சொல்லிக் கொடுத்தது.

செவலை என்ற தாய் முயல் யானையை வழிமறித்தது. "அண்ணே, ஆபத்து வந்தா பின்னங்காலால தரையை உதைச்சுச் சொல்றதுதான் எங்க வழக்கம். புள்ளைங்க அதையே மறந்துடுச்சுங்க," என்றது.

"தரையை உதைக்கிறதெல்லாம் ஒரு பாஷையா?" என்று யானை சிரித்தது. குட்டிகளும் கரும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தன.

மறுநாள் நரி வந்தது. செவலை தரையை உதை உதையென்று உதைத்தது. ஒரு குட்டியும் புதருக்குள் ஓடவில்லை. சொல்லிக் கொடுத்தபடி மூக்கைத் தூக்கி, வரிசையாக நின்று, கீச்சுக் குரலில் பிளிறின. நரி செவலையின் கடைக்குட்டியைக் கவ்விக்கொண்டு போனது.

துக்கம் கேட்க யானை இரண்டு கட்டுக் கரும்போடு வந்தது. "கடைசி மூச்சு வரைக்கும் சுருதி பிசகாம பிளிறினானாமே! அவன் பேர்ல இங்கேயே பெரிய பள்ளிக்கூடம் கட்டித் தர்றேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது.

செவலை யானையின் முகத்தைப் பார்த்தபடியே பின்னங்காலைத் தூக்கித் தரையை ஓங்கி உதைத்தது.

"நரிதான் போயிடுச்சே, இப்ப எதுக்கு உதைக்கிற?" என்றது யானை.

செவலை மறுபடியும் உதைத்தது. கரும்பில் வாய் வைக்கப் போன குட்டிகள் நிமிர்ந்து யானையைப் பார்த்தன. அடுத்த நொடி புதர்கள் சலசலத்தன. புல்வெளியில் யானையும் அதன் கரும்பும் மட்டும்தான் இருந்தன.