ஏழாம் கட்டிலின் அட்டை

இது ஓர் ஆஸ்பத்திரியில் முதியோர் வார்டைக் கூட்டிப் பெருக்கும் அக்கா சொல்லிக் கேட்ட கதை.

அந்த வார்டில் நோயாளிகளைத் தினமும் மூன்று வேளை நடக்கவைக்க வேண்டும் என்று புதுத் திட்டம் வந்தது. அதற்காக வாங்கிய வாக்கர், தொடக்க நாளில் போட்டோவுக்கு நின்றதோடு சரி. மறுநாளே கதவுக்குப் பின்னால் போய்விட்டது. எதிரே ஏழாம் கட்டிலில் சவரியப்பன். காய்ச்சல் என்று தானே நடந்து வந்து சேர்ந்தவர். அவர் கால்கள் நாளுக்கு நாள் சூம்புவதை வாக்கர் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் பொறுக்காமல், அவர் கட்டிலில் தொங்கிய நடைப்பதிவு அட்டையிடம் கெஞ்சியது.

"அண்ணே, இன்னைக்காவது என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. அவருக்கு நிக்கவே மறந்துரும்."

"அவர்தான் நடந்துட்டாரே தம்பி. மூணு வேளைக்கும் டிக் விழுந்தாச்சு."

"கட்டிலை விட்டே இறங்கலையே!"

"நாப்பது கட்டிலுக்கு ரெண்டு நர்ஸ். டிக் போடத்தான் நேரம் இருக்கு. மேலேயிருந்து வர்றவங்களும் என்னைத்தான் பாக்குறாங்க, அவரையா பாக்குறாங்க?"

நான்காம் வாரம் சவரியப்பனை ஸ்ட்ரெச்சரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியில் இடைஞ்சல் என்று வாக்கரை நான்கடி தள்ளி வைத்தார்கள். அந்த வார்டில் வாக்கர் நடந்தது அவ்வளவுதான்.

பிறகு அந்த அட்டையை நானே வாங்கிப் பார்த்தேன். அவர் ஸ்ட்ரெச்சரில் போன அன்றைக்கும் மூன்று டிக் இருந்தது.