சேராத மாத்திரை

ரம்பத்தின் இரைச்சல் தெருமுனையிலேயே கேட்டது. அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

ஆள் விழுந்தாலும் மெஷின் ஓடிக்கொண்டுதானே இருக்கும்.

பாதி தைத்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடா ஆட ஆட ஓடினாள். வழியில் யாரோ என்னவென்று கேட்டார்கள். அவள் நிற்கவில்லை.

புருஷனுக்கு மூன்று நாளாக இருமல். வேலை செய்யும் மரப்பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் காட்டி, நேற்று மாத்திரை வாங்கி வந்திருந்தார். இன்று காலை அவர் வேலைக்குப் போன பிறகுதான் அந்த அட்டை அவள் கண்ணில் பட்டது. இரண்டு குழி காலி.

வேறு வீடாக இருந்தால் இருமல் மாத்திரை வெறும் இருமல் மாத்திரை. இவர் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக ஓடும் மனிதர். போன வருஷம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டின் மேலேயே சரிந்தார். அன்றைக்குக் கொடுத்த மாத்திரைதான் இன்றுவரை அவரை நிமிர்த்தி வைத்திருக்கிறது. காலையும் மாலையும் தண்ணீரோடு அவளே எடுத்துக் கொடுப்பாள். அந்த வீட்டில் கடவுளுக்கு அடுத்தபடி அந்த டப்பாதான்.

சந்தேகம் உறுத்த, இதய டாக்டரின் நர்ஸுக்குப் போன் செய்து அட்டையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

எப்போதும் சாவகாசமாகப் பேசும் நர்ஸின் குரல் மாறிவிட்டது.

"ஐயோ, இது ரெண்டும் சேரக்கூடாதும்மா. திடீர்னு துடிப்பு தப்பிடும், மயங்கி விழுந்துடுவாரு. அடுத்த மாத்திரை போட விடாதீங்க. இப்பவே கூட்டிட்டு வாங்க, ஈசிஜி எடுத்துப் பாக்கணும்."

அவருக்குப் போன் அடித்தாள். அது சட்டைப் பையில் கிடந்து அடிக்கும். சட்டை ஆணியில் தொங்கும். வேலை நேரத்தில் அவர் எடுக்க மாட்டார்.

பட்டறையில் அவருக்குப் பட்டப்பெயர் 'ரம்பம்'. வாயே திறக்காத மனிதருக்கு வைத்த கேலி. அந்த டாக்டரிடமும் வாயைத் திறந்து நெஞ்சு சமாச்சாரத்தைச் சொல்லியிருக்க மாட்டார்.

உள்ளே நுழைந்தாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

நின்றுகொண்டிருந்தார்.

முதுகு இவள் பக்கம். நீளப் பலகையை மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார். சுழலும் பிளேடுக்கும் விரல்களுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

கூப்பிட்டால் திரும்புவார். தொட்டால் திடுக்கிடுவார். இரண்டுமே ஆகாது.

சுவரோரமாக நகர்ந்து போய் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினாள்.

பிளேடு சுற்றி ஓய்வதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அவர் விளக்கை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். இமையெல்லாம் மரத்தூள்.

"நீ எங்க இங்க?"

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அந்த இருமல் மாத்திரையும் உங்க நெஞ்சு மாத்திரையும் சேரக்கூடாதாம். விழுந்துடுவீங்களாம். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

அவர் முகம் இளகியது. அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துவது போலச் சிரித்தார்.

"அதுக்கா இப்படி ஓடி வந்தே? அது ரெண்டும் எங்க சேரப் போகுது. நெஞ்சு மாத்திரையை நிறுத்தி ஒரு மாசமாச்சு. நீ குடுக்கிறதை நாக்குக்கு அடியில வெச்சுக்குவேன், வாசல் பக்கம் போய்த் துப்பிடுவேன். அதைப் போட்டா தலை சுத்துது. தலை சுத்தினா இந்த பிளேடு முன்னாடி எப்படி நிக்கிறது, சொல்லு. உன்கிட்ட சொன்னா நீ பயந்துடுவேன்னுதான் சொல்லலை."

இத்தனை வார்த்தைகளை அவர் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை.

பட்டறை நிசப்தமாக இருந்தது. அவள் விரல்களுக்கு அடியில் அவருடைய நாடி ஓடியது. தடுக்கியது. நின்றது. பிறகு எதற்கோ பயந்ததுபோல் தலைதெறிக்க ஓடியது.

"உக்காருங்க," என்றாள்.

"ஒண்ணும் இல்ல, பயப்படாதே," என்று அவர் அவளைத் தேற்றிக்கொண்டே இருந்தார்.