குணமானவர்களுக்குக் காசில்லை

"ஆராவது ஒராள் குடியுங்கோவன்! கும்பிட்டுக் கேக்கிறன்!"

உமாபதி மேசையில் குத்திய குத்தில் டோர்ட்மண்ட் நகரத்து ரயில் தடம் புரண்டிருக்க வேண்டும். குடியை மறக்கவைக்கும் நிலையத்தில், தமிழ்க் குழுவுக்கு அவர்தான் மொழிபெயர்ப்பாளர். எதிரே அகதி விடுதியில் தங்கியிருந்த தமிழர் ஐவர், பூசைக்கு வந்தவர்கள்போலக் கைகட்டி இருந்தார்கள்.

அது எண்பத்தாறாம் ஆண்டு மார்கழி. சமூக உதவிக் கந்தோர் அன்று காலைதான் புதுச் சட்டம் அனுப்பியிருந்தது: மூன்று மாதம் குடிக்காதவன் குணமானவன், குணமானவனுக்காக நிலையத்துக்குச் சிகிச்சைப் பணம் கிடையாது.

"விளங்குதோ? குடிச்சால் காசு தருவினமாம், விட்டால் தரமாட்டினமாம்! மூண்டு மாதமா ஒருத்தரும் தொடேல்லை. குழு இண்டையோட சரி!"

"அப்ப குசினி?" மூத்தவரான குணசேகரம் பதறினார்.

"பூட்டு!"

ஐவர் முகங்களும் செத்துப்போயின. விடுதியில் சமைக்கத் தடை. மூன்று வேளையும் அவித்த உருளைக்கிழங்கு. கை வேலையாக இருந்தால் மனம் போத்தலைத் தேடாது என்று, நிலையத்தை நடத்தும் பிளோறன்ஸ் அம்மா செவ்வாய்தோறும் அவர்களை நிலையத்துக் குசினியில் சமைக்க விடுவார். புட்டும் மீன்குழம்பும் ஜெர்மனியில் அவர்களுக்கு அங்கே மட்டும்தான்.

"நாலு மணிக்கு அதிகாரி வாறார். ஒராளில எண்டாலும் மணக்கோணும்." உமாபதி பையிலிருந்து பியர் போத்தலை எடுத்தார்.

ஐவரும் கதிரையோடு பின்னால் துள்ளினார்கள். அந்த நேரம் பார்த்துப் பிளோறன்ஸ் அம்மா எட்டிப் பார்த்தார். உமாபதி சோதனை வைக்கிறார் என்று எண்ணிக் கைக்குட்டையை எடுத்தார்.

"போத்தலைக் கண்டே நடுங்குகிறார்கள்! இருபது வருடத்தில் இப்படி மனவுறுதியை நான் கண்டதில்லை!" என்று ஜெர்மன் மொழியில் விம்மியபடி, அதிகாரியை வரவேற்கப் போய்விட்டார்.

"கேட்டியளோ, உங்களுக்கு மனவுறுதியாம்! இனி அந்த மனுசிக்கும் வேலை போகும். குணசேகரம் அண்ணை, ஒரேயொரு மிடறு!"

"ஏலாது தம்பி."

"அப்ப அடுத்த கிழமையிலயிருந்து உருளைக்கிழங்கு!"

குணசேகரம் முருகனை வேண்டிக்கொண்டு, மூக்கைப் பொத்தி ஒரு மிடறு விழுங்கினார். பாதி சுவரில் போய் விழுந்தது. கண்ணால் மூக்கால் எல்லாம் தண்ணீர்.

"சீ! வேப்பெண்ணெய் தோத்துப்போகும்! இதையோ சனம் காசு குடுத்துக் குடிக்குது?" என்று இருமியவர், மற்ற நால்வரையும் பார்த்தார். "உங்களில ஆராவது இதுக்கு முந்தி ஒருக்காலெண்டாலும் குடிச்சிருக்கிறியளோ?"

நாலு தலைகளும் ஒன்றாக, இல்லையென்று ஆடின.