எட்டு வருஷத்துக்குச் சாட்சி

"எட்டு வருஷம் மொதலாளி! எட்டு வருஷம் கூடவே கெடந்தவள, அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்ல ஒங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

மாதவி மேசையில் அடித்த அடியில் இராஜமாணிக்கத்தின் தேத்தண்ணி தளும்பியது. மலேசியாவின் லுக்குட் பட்டணத்தைத் தாண்டி, பழைய தோட்டத்து பங்களாவில் அவர் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு அவள்தான் ஒரே தாதி.

அவள் கையில் கசங்கிய கடிதம் அயர்லாந்திலிருந்து வந்தது. 'உங்கள் பணி அனுபவம் குறித்து இல்லத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். அப்படி ஓர் ஆளே இல்லை என்றார்கள். உங்களைத் தாதியாகப் பதிவு செய்ய இயலாது.'

"நான் எதுக்கும்மா அப்படிச் சொல்லப் போறேன்?"

"நான் போயிட்டா இந்தப் பதினெட்டுப் பேருக்கும் ஊசி போட ஆள் கெடைக்காதே, அதுக்குத்தான்!"

இராஜமாணிக்கம் பழுத்த வியாபாரி. யார் சத்தம் போட்டாலும் அவர் காதில் அது பேரமாகத்தான் விழும். "சரி, சம்பளத்துல எரநூறு வெள்ளி ஏத்தித் தரேன். இங்கயே இரேன் லா."

அது போதாதா? திருடன் தானாக வந்து மாட்டிக்கொண்டதாகவே அவளுக்குப் பட்டது.

"எரநூறு வெள்ளியா? பசார்ல செத்த மீனுக்கே இதவிட நல்ல வெல கேப்பீங்களே! அயர்லாந்து போக அந்த இங்கிலீஷ் பரீட்சைய மூணு தடவ எழுதிப் பாஸ் பண்ணுனேன் மொதலாளி, மூணு தடவ!"

கூடத்தில் தொலைபேசி அலறியது. சமையல்காரி மாரியம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்து எடுத்தாள்.

"யாந்தியா? நோ சச் பெர்சன்!"

டக்கென்று வைத்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் அதுதான். வேலை பர்மிட் இல்லாத இந்தோனேசியப் பணிப்பெண் யாந்தி பக்கத்து அறையில் ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

மாதவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முனியாண்டி மேல சத்தியம் பண்ணுங்க!"

"சத்தியமா எனக்கு எந்த ஃபோனும் வரல."

"பொய்ச் சத்தியம்! வெளங்கவே மாட்டீங்க!" சட்டையிலிருந்த பெயர் வில்லையைப் பிய்த்து அவர் முகத்துக்கு நேரே வீசினாள். "இந்தாங்க, வச்சுக்குங்க. இனிமே நெசமாவே இங்க அப்படி ஒரு ஆள் இல்ல!"

வாசல்வரை போனவளின் கையைப் பிடித்து நிறுத்தினாள் மாரியம்மா. குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன் இப்படிக் கொதிக்கிற? நான் இருக்கேன்ல? போன மாசம் ஒரு வெள்ளக்காரி ஃபோன் போட்டு, மாதவி மாதவின்னு ஒன் பேரச் சொல்லித் தொணதொணன்னு கேட்டா. யாந்திக்காக நீ சொல்லிக் குடுத்தியே, அதையேதான் ஒனக்கும் சொன்னேன். ஒன்னப் போயி காட்டிக் குடுப்பனா தாயி?"